மாட்டுக்கு முளைக்குச்சி, வண்டிக்கு?

நம்ம பக்கத்தில் மாட்டை யாரும் சும்மா விட்டுவிட்டுத் தூங்கப் போவதில்லை. முளைக்குச்சி அடித்து, கயிறு போட்டு, முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்கள். மாடு தானாக எங்காவது போய்விடும் என்பதால் மட்டும் இல்லை, யாராவது ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதாலும்தான். ஆனால் எண்பதாயிரம், ஒரு லட்சம் என்று கடன் வாங்கி எடுத்த பைக்கை என்ன செய்கிறோம்? சைடு லாக் போடுகிறோம். ஹேண்டிலை இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்க்கிறோம். போய்ப் படுத்துவிடுகிறோம்.

சைடு லாக் என்பது என்ன? ஹேண்டிலைத் திரும்பவிடாமல் தடுக்கிற ஒரு சின்ன இரும்பு முளை. அவ்வளவுதான். டிவி செய்திகளில் அடிக்கடி ஓடும் சிசிடிவி காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தன் வருகிறான், போன் பேசுவது மாதிரி நிற்கிறான், காலால் ஹேண்டிலை ஒரு உதை, வண்டி நகர்ந்துவிடுகிறது. சினிமாவில் காட்டுகிற மாதிரி கம்பி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் அப்புறம்தான். முதலில் அவனுக்கு வேண்டியது வண்டி இருந்த இடத்தை விட்டு நகர வேண்டும், சத்தம் வரக்கூடாது, அவ்வளவுதான். நம் வண்டி எதனோடும் கட்டப்படவில்லை என்பதுதான் அவனுடைய முழு மூலதனம். (காமர்ஸ் படிப்பதால் இப்படித்தான் வார்த்தை வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நாங்கள் இருப்பது கடலூரின் ஓரத்தில் புதிதாக முளைத்த நகர்களில் ஒன்று. 38 வீடு. பாதி வீட்டில் மாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இந்த வருஷத்தில் மட்டும் மூன்று வண்டி காணாமல் போயிருக்கிறது. மூன்றுமே தெருவில் நின்ற வண்டி. மூன்றுமே வாடகைக்காரர்கள் வண்டி. இதை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது சங்கத்தில் ஒரு பெரியவர், "அதெல்லாம் தற்செயல் தம்பி" என்றார்.

தற்செயல் எல்லாம் ஒன்றும் இல்லை. காம்பவுண்டுக்குள் வீட்டுக்காரருடைய கார் நிற்கும், அவர் பையனுடைய பைக் நிற்கும், மிச்ச இடத்தில் துளசி மாடம் இருக்கும். மாடி வீட்டுக்காரர் வண்டி வெளியே, சாக்கடை ஸ்லாப் மேல். ராத்திரி பத்து மணிக்கு மேல் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். கேட்டுக்கு உள்ளே இருக்கிற வண்டிக்குக் கேட், சுவர், நாய் என்று மூன்று பாதுகாப்பு. வெளியே இருக்கிற வண்டிக்கு அந்தச் சின்ன முளை மட்டும்தான்.

கடைசியாகப் போனது சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகும் ஒரு அண்ணனுடைய வண்டி. நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கியவர் மத்தியானம் எழுந்து பார்த்தால் இல்லை. பட்டப்பகல். இன்னும் 14 மாதத் தவணை பாக்கி. வண்டி இல்லை என்பதற்காகத் தவணை நிற்காது, அது ஐந்தாம் தேதி ஆனால் அக்கவுண்டில் இருந்து தானாகப் போய்க்கொண்டே இருக்கும். இப்போது ஷிப்டுக்கு ஷேர் ஆட்டோவிலும், அது கிடைக்காத நேரத்தில் யாரிடமாவது லிப்ட் கேட்டும் போகிறார். இல்லாத வண்டிக்குப் பணம் கட்டிக்கொண்டு, ஆட்டோவுக்கும் பணம் கொடுத்துக்கொண்டு இருப்பவரிடம் போய் 'ஜாக்கிரதையா இருந்திருக்கணும்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னவர்கள் நிறையப் பேர்.

சரி, சங்கம் என்ன செய்தது? எல்லா ஊரிலும் எல்லாச் சங்கமும் செய்வதைத்தான். வீட்டுக்கு 800 ரூபாய் வசூல். 38 வீட்டுக்கு 30,400 ரூபாய். நாலு கேமரா, ஒரு பெட்டி, 'இந்தப் பகுதி கண்காணிப்பு கேமராவின் கீழ் உள்ளது' என்று ஒரு போர்டு.

கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னையில் ஏ.கே.விஸ்வநாதன் கமிஷனராக இருந்தபோது (2017 முதல் 2020 வரை) 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்து ஊர் முழுக்க கேமரா வைக்கச் சொன்னார்கள். செயின் பறிப்பு மாதிரி வழக்குகளில் ஆளைப் பிடிக்க அது உதவியது என்று போலீஸ் சொன்னது. ஆனால் 'பிடிக்க' என்பதும் 'தடுக்க' என்பதும் வேறு வேறு. கேமராவால் திருட்டு எங்கெல்லாம் குறைந்தது என்று வெளிநாடுகளில் நடந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து வெல்ஷ், ஃபாரிங்டன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2008-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். கார் நிறுத்தும் இடங்களில் குற்றம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. குடியிருப்புத் தெருக்களில் அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. காரணம் யோசித்தால் புரியும். பார்க்கிங்குக்கு வாசல் ஒன்று, ஆள் நிற்பான், கூடவே விளக்கும் போட்டிருப்பார்கள். நம் தெருவுக்கு நாலு பக்கம் வழி. கேமராவை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. வண்டி போன பிறகுதான் பார்ப்போம். முகத்தில் கர்ச்சீப் கட்டின ஒருத்தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது தெரியும். அவ்வளவு தூரம் நமக்கே தெரியுமே!

அதுவும் கடலூரில். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்த பிறகு எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2015 வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று நமக்கு இது வாடிக்கையான விஷயம். கரண்ட் போனால் கேமராவும் போகும். இரும்புச் சங்கிலிக்குக் கரண்ட் வேண்டாம்.

கேமரா வைத்ததில் வேறு ஒரு விளைவும் வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வைத்து பத்து நாள்கூட ஆகவில்லை, சங்கத்தின் வாட்சப் குரூப்பில் ஒரு போட்டோ. 'சந்தேகத்துக்கிடமாக நடமாடும் நபர், உஷார்' என்று கீழே எழுத்து. யார் என்று பார்த்தால் பழைய இரும்பு, பேப்பர் எடுக்க வருகிறவர். பத்து வருஷமாக வருகிறார். எங்கள் வீட்டுப் பழைய பேப்பர் எல்லாம் அவரிடம்தான் போகிறது. போட்டோவைப் போட்டவர் இந்தத் தெருவுக்குக் குடிவந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அந்தப் படம் அதற்குள் வேறு நாலு குரூப்புக்குப் போய்விட்டது. இப்போது அவர் எங்கள் தெருவுக்கு வருவதில்லை.

இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் என்ன நடந்தது? பிள்ளை பிடிக்கிறவர்கள் வருகிறார்கள் என்று வாட்சப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிக் காரில் வந்த குடும்பம், குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. ஊர் கூடி அடித்ததில் ஒரு வயதான அம்மா செத்தே போனார். அடித்தவர்கள் யாரும் தொழில்முறை ரவுடிகள் இல்லை. தங்கள் ஊரைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பினவர்கள். நம் சங்கத்து குரூப்பில் இருக்கிற மாதிரி ஆட்கள்தான்.

ஆளைச் சந்தேகப்படுவதற்கு ஆகிற செலவை எல்லாம் வண்டியைக் கட்டிப்போடுவதில் செலவழிக்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. வண்டியைக் கட்டிப்போட்டால் யாரையும் முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

'அவரவர் வண்டியை அவரவர் பூட்டிக்கொள்ள வேண்டியதுதானே, சங்கம் எதற்கு?' என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு வரலாறு இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியில் கார்களுக்கு ஸ்டியரிங் லாக் கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள். புதுக் கார், பழைய கார் எல்லாவற்றுக்கும். கார் திருட்டு சடாரென்று இறங்கியது. இங்கிலாந்தில் 1971-இல் அதே சட்டம், ஆனால் புதுக் கார்களுக்கு மட்டும். என்ன ஆயிற்று? புதுக் கார் திருட்டு குறைந்தது, பழைய கார் திருட்டு கூடியது. திருடன் தொழிலை விடவில்லை, லாக் இல்லாத காருக்குப் போய்விட்டான்.

எங்கள் தெருவில் நடப்பதும் இதேதான். நான் 500 ரூபாய்க்கு ஒரு சங்கிலி வாங்கிப் போட்டால் என் வண்டி தப்பிக்கும். அவன் அடுத்த வண்டிக்குப் போவான். அது மாடி வீட்டு அண்ணன் வண்டி. என் பாதுகாப்பை நான் அவர் செலவில் வாங்குகிறேன் என்று அர்த்தம். பொருளாதாரப் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு, ஒருத்தர் செய்வதன் செலவு இன்னொருத்தர் தலையில் விழுவது. எல்லா வண்டிக்கும் சங்கிலி போட்டால்தான் தெருவுக்கே பாதுகாப்பு. அப்படியென்றால் அது சங்கத்தின் வேலைதானே?

ஜெர்மனியில் இன்னொரு கூத்தும் நடந்தது. 1980-இல் ஹெல்மெட் போடாதவர்களுக்கு அந்த இடத்திலேயே அபராதம் என்று ஆரம்பித்தார்கள். தலையைக் காப்பாற்றத்தான் சட்டம். ஆனால் அந்த வருஷம் ஒன்றரை லட்சம் அளவில் இருந்த பைக் திருட்டு, 1986-இல் 54 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது. ஏனென்றால் வழியில் ஒரு வண்டியைப் பார்த்து ஆசைப்படுகிறவன் கையில் ஹெல்மெட்டோடு அலைவதில்லை. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் முதல் செக்கிங்கிலேயே மாட்டுவான். அங்கே பைக் திருடினவர்கள் எல்லாம் காருக்கு மாறிவிடவும் இல்லை. பெரும்பாலோர் திட்டம் போட்டு வந்தவர்கள் இல்லை, வாகாகக் கிடைத்ததால் எடுத்தவர்கள் என்று இதில் தெரிகிறது. நம்ம தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1-ஆம் தேதியில் இருந்து ஹைகோர்ட் ஹெல்மெட்டைக் கண்டிப்பாக்கியது. நாம் என்ன செய்கிறோம்? ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியிலேயே மாட்டிவிட்டுப் போகிறோம். எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு ஃபைன் விழுந்துவிடக்கூடாதே என்ற நல்ல மனசு!

இப்போது கணக்குக்கு வருகிறேன். தெருவில் ராத்திரி நிற்கும் வண்டிகளை ஒரு வாரம் எண்ணினேன். அதிகபட்சம் 20. காம்பவுண்டுத் தூணிலோ தரை கான்கிரீட்டிலோ ஒரு இரும்பு வளையம் பதிக்க, கூலியோடு சேர்த்து 400 ரூபாய் என்று வெல்டிங் பட்டறையில் சொன்னார்கள். பழைய வீடுகளில் மாடு கட்டச் சுவரில் வளையம் இருக்கும் இல்லையா, அதே வளையம். 20-க்கு 8,000. கொஞ்சம் கனமான சங்கிலி, பூட்டோடு, மொத்தமாக வாங்கினால் ஒன்று 450. அது ஒரு 9,000. ஆக 17,000 ரூபாய். வசூலித்த 30,400-இல் 13,400 மிச்சம். அதில் தெருமுனைக்கு வேண்டுமானால் ஒரு கேமராவும் வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. வளையம் ரோட்டில் பதித்தால் மாநகராட்சி கேள்வி கேட்கும், அதனால் வீட்டுச் சுவரில்தான் பதிக்க வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். 400 ரூபாய் வளையத்துக்குச் சுவரில் ஓட்டை போட விடாதவர், 800 ரூபாய் கேமராவுக்கு உடனே கொடுத்தார் என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

சங்கிலியை வெட்ட முடியாதா? முடியும். கட்டர் கொண்டுவந்தால் எதையும் வெட்டலாம். ஆனால் கட்டரோடு வருகிறவன் வேறு, போகிற போக்கில் எடுக்கிறவன் வேறு. முதலாமவன் ரொம்பக் குறைவு. சங்கிலியைச் சக்கரத்தில் மட்டும் சுற்றிப் பூட்டுவதும் பாதி வேலைதான், இரண்டு பேர் தூக்கி மினி லாரியில் போட்டால் முடிந்தது. எதனோடாவது சேர்த்துக் கட்ட வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் ராத்திரி பெட்ரோல் நாப்பை மூடிவிடலாம், கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அந்த நாப் கிடையாது.

அடுத்து இன்சூரன்ஸ். இது எங்கள் பாடம் என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 1-இல் இருந்து புது டூ வீலர் வாங்கும்போதே ஐந்து வருஷத்துக்கு இன்சூரன்ஸ் கட்ட வேண்டும். 'எனக்கு அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு' என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த ஐந்து வருஷம் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கு மட்டும். வண்டி திருடு போனால் பணம் தருவது 'ஓன் டேமேஜ்' என்கிற பகுதி. அது வழக்கமாக முதல் ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கும். அப்புறம் வருஷா வருஷம் நாமே புதுப்பிக்க வேண்டும். பாலிசியை எடுத்து இரண்டு தேதியையும் தனித்தனியாகப் பாருங்கள். ஷிப்ட் அண்ணனுக்கு இந்த விஷயம் வண்டி போன பிறகுதான் தெரிந்தது.

ஓன் டேமேஜ் இருந்தாலும் முழுப் பணம் வராது. வண்டியின் ஷோரூம் விலையில் வருஷத்துக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பார்கள். இரண்டு வருஷம் தாண்டி மூன்றாவது வருஷத்தில் இருக்கிற வண்டிக்கு 30 சதவீதம். 80,000 ரூபாய் வண்டிக்கு 56,000 கணக்கு. கடன் பாக்கி இருந்தால் அதில் முதலில் பைனான்ஸ்காரர்களுக்குப் போகும். இரண்டு சாவியும் கேட்பார்கள், எப்.ஐ.ஆர். கேட்பார்கள், வண்டி கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் தருகிற சான்று கேட்பார்கள். எப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால், கம்பெனிக்குத் தகவல் சொல்லத் தாமதம் ஆனது என்ற ஒரே காரணத்துக்காகப் பணம் மறுக்கக்கூடாது என்று 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. அதனால் முதல் வேலை ஸ்டேஷன்தான். 'நாலு நாள் தேடிப் பாருங்க, அப்புறம் வாங்க' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நம் ஊருக்கு இன்னொரு தலைவலி உண்டு. முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. வேறு அரசு, வேறு போலீஸ். வீக் எண்டில் அந்தப் பக்கம் போய் வண்டியைத் தொலைத்துவிட்டு எந்த ஸ்டேஷன் என்று முழிப்பவர்கள் உண்டு. 2024 ஜூலை 1-இல் இருந்து அமலில் இருக்கிற புதிய சட்டம், பி.என்.எஸ்.எஸ். 173-ஆவது பிரிவு, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்கிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, திருடினவனிடம் வாங்குகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஆர்.சி. புக் அப்புறம் தரேன், பதினைந்தாயிரம் கொடு' என்று வரும் வண்டியை, வயலுக்குப் போக வரத்தானே என்று வாங்குகிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நம் கல்லூரிப் பையன்களிலும் இருக்கிறார்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினாலும், நம்பக் காரணம் இருந்தும் வாங்கினாலும் பி.என்.எஸ். 317-இன்படி மூன்று வருஷம் வரை சிறை. திருடினவனுக்கும் 303-இன்படி முதல் தடவைக்கு அதே மூன்று வருஷம்தான். ஆர்.சி.யில் இருக்கிற சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பரை வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகுமா?

வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். 20 வளையக் கணக்கை ஒரு பேப்பரில் எழுதி வைத்திருக்கிறேன். சங்கத்தில் வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டும்தான் உறுப்பினர் உரிமை, வண்டி போன மூன்று பேரில் ஒருவரும் உறுப்பினர் இல்லை. அந்த மூன்று பேரும் கூட்டத்துக்கு வரலாமா என்று செயலாளரிடம் கேட்டேன். "பார்க்கலாம் தம்பி" என்றிருக்கிறார். நான் அவர்களிடம் ஆறு மணிக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.